கெமிஸ்தம் முதல் கெமிஸ்ட்ரி டியூஷன் வரை

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நாகர்கோவில் மணிமேடைப் பக்கம் நின்று பார்த்தால், பள்ளிக்கூடம் விட்டுவிட்டதா அல்லது இனிமேல்தான் ஆரம்பிக்கப் போகிறதா என்று சந்தேகம் வந்துவிடும். வடசேரிப் பக்கம் ஒரு கூட்டம் போகிறது. செட்டிகுளம் பக்கம் ஒரு கூட்டம் போகிறது. எல்லார் தோளிலும் மூட்டை மாதிரி ஒரு பை. எல்லார் முகத்திலும் காலையில் சாப்பிட்ட இட்டிலிக்குப் பிறகு ஒன்றும் உள்ளே போகவில்லை என்ற களை. விசாரித்துப் பாருங்கள். "டியூஷன் அக்கா" என்று ஒரே பதில் வரும். "என்ன பாடம்?" என்று அடுத்தபடி கேட்டால், பத்தில் பாதிப் பேர் கணக்கு என்பார்கள், மற்றப் பாதிப் பேர் கெமிஸ்ட்ரி என்பார்கள்.

முன்னெல்லாம் பெண்ணைப் பெற்றவர்கள் சந்தித்துக்கொண்டால், "எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள்?" என்று விசாரிப்பது வழக்கம். இப்போது, "எங்கே டியூஷன் போகிறாள்?" என்றுதான் பேச்சு ஆரம்பமாகிறது. "எங்கேயும் போகவில்லை, வீட்டில்தான் படிக்கிறாள்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். கேட்டவர் முகத்தில் ஓர் அனுதாபம் பரவும் பாருங்கள், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்ட மாதிரி!

படிப்பை லேசாக எண்ணும் ஊர் அல்ல இது. 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி, கன்னியாகுமரி மாவட்டத்தில் எழுத்தறிவு பெற்றவர்கள் நூற்றுக்கு 91.75 பேர். தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே அதுதான் முதலிடம். நாஞ்சில் நாட்டு வீடுகளில் நகையை அடகு வைத்தாவது பிள்ளையைப் படிக்க வைப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பாடம் மட்டும் ஏன் இப்படி வீட்டையே நடுங்க வைக்கிறது? டியூஷனுக்குப் போனால்தான் அந்த நடுக்கம் தீருமா? தாய்மார்களுக்கு இதில் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? இந்த வாரம் இதைத்தான் யோசித்துப் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு பழைய கதை.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்பவர் 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திக்கொண்டே, தமிழ்ப் பிள்ளைகளுக்கு மேல்நாட்டு வைத்தியமும் கற்றுக் கொடுத்தார். ஆரம்பத்தில் பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. பிறகு அவருக்கு ஒரு விஷயம் புரிந்தது: வைத்தியம் கிராமத்துக்குப் போய்ச் சேர வேண்டுமானால், படிக்கிறவன் தன் பாஷையில் படிக்க வேண்டும். உடனே தமிழ் கற்றுக்கொண்டு, சீடர்களையும் சேர்த்துக்கொண்டு, புத்தகம் புத்தகமாகத் தமிழில் கொண்டுவர ஆரம்பித்துவிட்டார். டேவிட் வெல்ஸ் என்ற அமெரிக்கர் எழுதியிருந்த ரசாயனப் பாடப் புத்தகமும் அப்படித் தமிழாயிற்று. அதன் பெயர் 'கெமிஸ்தம்'. வருஷம் 1875. அச்சான இடம் எது தெரியுமா? யாழ்ப்பாணமும் இல்லை, சென்னையும் இல்லை. நம்முடைய நாகர்கோவில் லண்டன் மிஷன் அச்சகந்தான்!

ஆக, தமிழில் வந்த ஆரம்பகால ரசாயன நூல்களில் ஒன்றை எழுத்துக் கோத்து, மை தடவி, அச்சடித்து வெளியே அனுப்பிய ஊரில்தான் இன்றைக்குப் பெண்கள் கெமிஸ்ட்ரி என்ற பெயரைக் கேட்டு முகம் வாடுகிறார்கள். அந்தப் பாடத்துக்கு நாம் பெயர் வைப்பதிலும் குறைவில்லை. கெமிஸ்தம் போய் ரசாயனம் வந்தது. ரசாயனம் போய் வேதியியல் வந்தது. இலங்கையில் இன்றும் இரசாயனவியல் என்றே சொல்கிறார்கள். வீட்டிலோ எல்லாருக்கும் கெமிஸ்ட்ரிதான். பெயர் மாறிற்றே தவிர பயம் மாறவில்லை.

பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில், அலெக்ஸ் ஜான்ஸ்டன் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். பிள்ளைகளுக்கு ரசாயனம் ஏன் கஷ்டமாக இருக்கிறது என்பதையே தம் வாழ்நாள் ஆராய்ச்சியாக வைத்துக்கொண்டவர் அவர். அவர் சொன்னதை வீட்டுப் பாஷையில் சொன்னால் இவ்வளவுதான்: ரசாயன ஆசிரியர் ஒரே மூச்சில் மூன்று உலகங்களைப் பற்றிப் பேசுகிறார். கண்ணால் பார்க்கிற உலகம் ஒன்று. அதில் உப்பு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அணுக்களின் உலகம் இரண்டாவது. கரும்பலகையில் எழுதுகிற எழுத்தும் எண்ணும் மூன்றாவது. ஆசிரியருக்குப் பழக்கம், ஓர் உலகத்திலிருந்து இன்னோர் உலகத்துக்குச் சர்வசாதாரணமாகத் தாவிவிடுவார். பின்னால் வருகிற பிள்ளைதான் நடுவில் விழுந்துவிடுகிறது.

சோடியத்துக்கு ஏன் 'என்.ஏ.' என்று குறி? சோடியம் என்ற பெயரில் அந்த எழுத்துக்களே இல்லையே! இரும்புக்கு 'எஃப்.ஈ.', வெள்ளிக்கு 'ஏ.ஜி.', தங்கத்துக்கு 'ஏ.யூ.' இப்படி ஒவ்வொன்றும் பிள்ளைக்குப் புரியாத புதிராக இருக்கிறது. நேட்ரியம், ஃபெர்ரம், அர்ஜென்டம், ஆரம் என்ற லத்தீன் பெயர்களின் சுருக்கந்தான் அவை என்று ஒருவர் ஒரு தடவை சொல்லிவிட்டால் புதிர் அவிழ்ந்துவிடும். சொல்லாவிட்டால் மனப்பாடந்தான்.

'மோல்' என்று ஒரு பூதம் வருகிறது, ஒன்பதாம் வகுப்புக்கு மேலே. ஆறுக்குப் பக்கத்தில் இருபத்து மூன்று ஸ்தானம் உள்ள ஓர் எண்ணைச் சொல்லி, அதுதான் ஒரு மோல் என்கிறார்கள். பெண் மிரளாமல் என்ன செய்வாள்? ஆனால் நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இது புதிதே அல்ல. மரக்கால் கணக்கிலும் கோட்டைக் கணக்கிலும் நெல் அளந்த ஊர் இது. ஒரு கோட்டையில் எத்தனை நெல்மணி என்று எவராவது எண்ணினார்களா? எண்ண முடியாத பொடிப் பொருளை அளந்து கணக்குச் சொல்வதற்கு ஓர் அளவு வேண்டியிருந்தது, வைத்துக்கொண்டார்கள். அணுவும் அப்படித்தான். எண்ணிக்கொண்டிருக்க முடியாது, நிறுத்துச் சொல்ல வேண்டும். பதினெட்டு கிராம் தண்ணீர் ஒரு மோல். சமையல் கரண்டிக் கணக்கில் சொன்னால், ஐந்து மில்லி பிடிக்கிற தேக்கரண்டியால் மூன்றரைக் கரண்டிக்குச் சற்று மேலே. சாப்பாட்டு உப்பு ஐம்பத்தெட்டரை கிராம் ஒரு மோல். இதை எடுத்து மேஜைமேல் வைத்து, "இதோ பார், இதுதான் உன் மோல்" என்று காட்டினால், பூதம் பாதி அளவுக்குச் சுருங்கிவிடாதா?

"எனக்கு என்ன தெரியும்? நான் அந்தக் காலத்தில் வரலாறு எடுத்துப் படித்தவள்" என்று சில தாய்மார்கள் சொல்வது காதில் விழுகிறது. ஓர் ஆறுதல் சொல்கிறேன். கெமிஸ்ட்ரி தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. ஒரு வீட்டை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அம்மா அடுப்படியில் தோசை வார்க்கிறாள். பதினோராம் வகுப்பு படிக்கும் மகள் வாசல்படியில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள்.

"என்ன மக்களே, மொகம் இப்படி இருக்கு?"

"சமன்பாடு ஒண்ணு சமமா வரமாட்டேங்குதும்மா. புரோப்பேன் எரியுறது."

"அது என்ன சாமான்?"

"கேஸ் சிலிண்டர்லே இருக்குமில்ல, அதுலே ஒண்ணு."

"அப்ப நம்ம அடுப்புதானா? அது எரியுறதுக்கு என்ன வேணும்?"

"ஆக்ஸிஜன் வேணும். ஒரு புரோப்பேனுக்கு..." பெண் விரலை மடக்கி எண்ணுகிறாள். "மூணு கார்பன், எட்டு ஹைட்ரஜன். அப்ப மூணு கார்பன்-டை-ஆக்ஸைடு வரும். நாலு தண்ணி வரும். ஆறும் நாலும் பத்து... அம்மா, அஞ்சு ஆக்ஸிஜன்!"

"ஒண்ணுக்கு அஞ்சா! அவ்வளவு காத்து கிடைக்காட்டா என்ன ஆகும்?"

பெண் ஒரு நிமிஷம் யோசிக்கிறாள். பிறகு எழுந்து வந்து அடுப்பைப் பார்க்கிறாள். போன வாரம் பால் பொங்கி வழிந்ததில் பர்னர் துவாரங்களில் பாதி அடைபட்டுக் கிடக்கிறது. ஜ்வாலை நீலமாக இல்லை, மஞ்சளாக ஆடுகிறது. தோசைக்கல்லின் அடியில் கரி.

"இதுதாம்மா ஆகும்! காத்து பத்தலேன்னா கார்பன் முழுசா எரியாது. கரியா வந்து ஒட்டிக்கும்."

அந்தத் தாய் என்ன கற்றுக் கொடுத்தாள்? ஒன்றும் கற்றுக் கொடுக்கவில்லை. மூன்று கேள்வி கேட்டாள், அவ்வளவுதான். பதிலைக் கண்டுபிடித்தது பெண். அந்தச் சமன்பாட்டை அவள் இனிப் பரீட்சை மண்டபத்தில் மறக்கமாட்டாள். பர்னரும் சுத்தமாயிற்று! (போகிற போக்கில் ஒரு வார்த்தை. காற்று போதாமல் எரிகிற அடுப்பில் கரி மட்டுமல்ல, வாசனையே இல்லாத கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷ வாயுவும் உண்டாகும். மஞ்சள் ஜ்வாலையைக் கண்டால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்பு ஆறிய பிறகு பர்னரைச் சுத்தம் செய்யுங்கள்.)

இப்படிப் பார்க்கப் போனால், கன்னியாகுமரி மாவட்டமே ஒரு பெரிய லாபரட்டரி என்று சொல்லலாம்.

பதநீர் இறக்குகிறவர் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுகிறாரே, ஏன்? சுண்ணாம்பு ஒரு காரம். காரம் மிகுந்த இடத்தில் சாற்றை நொதிக்கச் செய்யும் கிருமிக்கு வேலை ஓடாது. அதனால் பதநீர் பதநீராகவே இருக்கிறது. சுண்ணாம்பு தடவ மறந்தால் அதே சாறு கள்ளாகிவிடும். அமிலம், காரம், பி.ஹெச். அளவு என்று புத்தகத்தில் ஒரு பாடம் வருகிறதே, அது பனையுச்சியில் காலங்காலமாக நடந்துகொண்டிருக்கிறது.

குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிக் கொண்டுவந்து, ஃபார்மிக் அமிலம் சேர்த்து உறைய வைக்கிறார்கள். ரப்பர்த் துணுக்குகள் ஒரே வகையான மின்னூட்டத்தைச் சுமந்துகொண்டு, ஒன்றையொன்று விலக்கித் தள்ளியபடி பாலில் மிதக்கின்றன. அமிலம் விழுந்ததும் அந்த மின்னூட்டம் அடங்கிப் போகிறது; துணுக்குகள் ஒன்றோடொன்று கூடிக் கட்டியாகின்றன. புத்தகத்தில் 'கூழ்மம்', 'திரிதல்' என்று படித்துவிட்டு முழிக்கிற பெண்ணின் தகப்பனார் ரப்பர் வெட்டுகிறவராக இருந்தால், அன்றைக்கு அவரே அவளுக்கு ஆசிரியர். வீட்டில் பாலைத் திரிக்க எலுமிச்சம்பழம் பிழிகிறோமே, அதிலும் இதே காரியந்தான் நடக்கிறது.

மணவாளக்குறிச்சி மணலைச் சொல்லாமல் விட முடியுமா? திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்த மணலைப் பார்த்துவிட்டு, ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் ரசாயன நிபுணர் 1909-இல் இந்தக் கரையில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்த மோனசைட்டில் தோரியம் இருக்கிறது; சீரியம் முதலிய அருமண் தனிமங்களும் இருக்கின்றன. கல்யாண ஊர்வலங்களில் பெட்ரோமாக்ஸ் விளக்குப் பிடித்தார்களே, அந்த விளக்கின் வலைத்திரி வெள்ளை வெளேரென்று ஜொலித்ததற்குக் காரணம் தோரியம் ஆக்ஸைடும் அதில் சிறிதளவு சேர்த்த சீரியம் ஆக்ஸைடும். பன்னிரண்டாம் வகுப்பில் 'லாந்தனைடுகள்' என்று வருகிற பாடத்தைக் கண்டு பெண்கள் கொட்டாவி விடுகிறார்கள். கடற்கரைக்கு ஒரு தடவை அழைத்துப்போய், அலை ஒதுக்கிவிட்ட கறுப்பு மணலைக் காட்டுங்கள். அந்த மணலை அள்ளுவதா வேண்டாமா என்று கரையோர ஜனங்களுக்குப் பல வருஷங்களாகக் கேள்விகள் உண்டு. அந்தக் கேள்விக்கு நாளைக்கு விவரம் தெரிந்து பதில் சொல்ல வேண்டியவர்களும் இந்தப் பிள்ளைகள்தாமே?

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் மகேந்திரகிரி. திருநெல்வேலிச் சீமையின் எல்லைக்குள் இருக்கிறது. அங்கே ராக்கெட் என்ஜின்களை ஓட்டிச் சோதிக்கிறார்கள். கிரையோஜெனிக் என்ஜின் என்கிறார்களே, அதில் திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்ஸிஜனும் சேர்ந்து எரிகின்றன. எரிந்து என்ன வருகிறது? தண்ணீர் ஆவி! எட்டாம் வகுப்பிலேயே படித்துவிட்ட அந்தச் சின்னச் சமன்பாடுதான் ராக்கெட்டை மேலே தூக்குகிறது. நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் சரக்கல்விளையில் பிறந்து, தமிழில் பள்ளிப் படிப்புப் படித்த கே. சிவன், 2018 முதல் 2022 வரை இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தலைவராக இருந்தார். இதே மாவட்டத்தில் மேலகாட்டுவிளையைச் சேர்ந்தவரும் கிரையோஜெனிக் என்ஜின் நிபுணருமான வி. நாராயணன், 2025 ஜனவரியில் அந்தப் பொறுப்பை ஏற்றார். தமிழில் படித்தால் விஞ்ஞானம் வராது என்று இனிமேல் யாராவது சொன்னால், மணிமேடையில் நின்று சிரிக்கலாம்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒன்று சொல்லுகிறேன். மஞ்சள் பொடியைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைக் காகிதத்தில் பூசிக் காய வையுங்கள். சோப்புத் தண்ணீரைத் தொட்டு அதில் எழுதினால் சிவப்பாகும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும். மஞ்சளிலிருந்து குங்குமம் உண்டாக்கும் ரகசியம் இதுவே. ஆனால் ஓர் எச்சரிக்கை. வீடு வேறு, லாபரட்டரி வேறு. குளியலறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் எக்காரணத்தைக் கொண்டும் ஒன்றாகக் கலக்கக்கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைத்துவிடும். பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, வீட்டைக் கழுவுகிற நமக்கும் தெரிந்திருக்க வேண்டிய கெமிஸ்ட்ரி இது.

இனி வீட்டுப் பாடத்துக்கு வருவோம். ராத்திரி பத்து மணி வரைக்கும் பெண் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தால், "அடேயப்பா, என்னமாய்ப் படிக்கிறாள்!" என்று நமக்கு உச்சி குளிர்ந்துவிடுகிறது. கிட்டப் போய்ப் பாருங்கள். இடது பக்கம் கைடு. வலது பக்கம் நோட்டு. அதிலிருந்து இதற்குக் காப்பி. கை எழுதுகிறது, மனம் எங்கேயோ இருக்கிறது.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் 2006-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மாணவர்களிடம் ஒரு பாடத்தைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு சாரார் ஒரு தடவை வாசித்துவிட்டு, பாடத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது, திரும்ப வாசித்தவர்களே நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களே கூடுதலாக ஞாபகம் வைத்திருந்தார்கள். பரீட்சை ஐந்து நிமிஷத்தில் வருகிறதா, பல வாரம் கழித்து வருகிறதா? நீங்களே சொல்லுங்கள்.

ஆகையால் பெண்ணிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். பாடத்தை ஒரு தடவை படி. புத்தகத்தை மூடு. கிழித்த காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் தெரிந்ததை எழுது. பிறகு திறந்து பார்த்துத் தப்பைத் திருத்து. தினம் இருபது நிமிஷம் போதும். ஞாயிற்றுக்கிழமை நாள் முழுவதும் மாரடிப்பதைவிட இது மேல். நாலாவது நாள் அதே பாடத்தை மறுபடி மூடி எழுதச் சொல்லுங்கள். வீட்டில் தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். எங்கே நாக்குத் தடுமாறுகிறதோ, அங்கேதான் அவளுக்குப் புரியவில்லை என்று அர்த்தம். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. அந்தக் கோடு போட்ட நாலைந்து சந்தேகங்களோடு மறுநாள் ஆசிரியரிடம் போனால், அவர் பத்து நிமிஷத்தில் தீர்த்துவிடுவார். "ஒன்றுமே புரியவில்லை டீச்சர்" என்று போய் நின்றால் அவர்தாம் பாவம் என்ன செய்வார்?

அப்படியானால் டியூஷனே வேண்டாமா? அப்படிச் சொல்லிவிட நான் தயாராக இல்லை. நெடுநாள் உடம்புக்கு முடியாமல் பாடம் விட்டுப் போன பிள்ளைக்கும், ஆசிரியரே இல்லாத பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கும் வெளி உதவி தேவைதான். மருத்துவப் படிப்புக்கான நீட் பரீட்சையில் 720 மதிப்பெண்ணில் 180 கெமிஸ்ட்ரிக்கு இருக்கிறது; அந்தப் பயமும் நியாயமானது. ஆனால் பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? அறுபது பேரை அடைத்து வைத்தால் அதுவும் இன்னொரு பள்ளிக்கூடந்தான். பெண் கேள்வி கேட்க முடிகிறதா, அல்லது அங்கேயும் நோட்ஸ் காப்பியா? போய்த் திரும்பிச் சாப்பிட்டுப் படுக்க எத்தனை மணியாகிறது? எட்டு மணி நேரம் தூங்காத பெண்ணுக்கு எந்த மேதை வந்து சொன்னாலும் ஏறாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருப்பது நல்லது. 2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, பள்ளி ஆசிரியர் தனிப்பட்ட டியூஷன் எடுக்கலாகாது என்கிறது. 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு விதிகள், பதினாறு வயது நிரம்பாத பிள்ளைகளைப் பயிற்சி நிலையங்களில் சேர்க்கலாகாது என்கின்றன. ஆகவே வகுப்பில் பாடம் நடத்துகிறவரிடமே மாலையில் பணம் கட்டிப் படித்தால்தான் மார்க்கு வரும் என்று எந்த வீட்டிலும் பயப்பட வேண்டியதில்லை.

மார்க்கு விஷயத்தில் இன்னொன்று. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில் கெமிஸ்ட்ரிக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25. பியூரெட்டைத் திறந்து சொட்டுச் சொட்டாகப் பெர்மாங்கனேட்டை விட்டு, இளஞ்சிவப்பு நிறம் நின்ற அந்த ஒரு சொட்டில் நிறுத்துகிற கைப்பழக்கம் டியூஷன் அறையின் பெஞ்சில் வராது. அது பள்ளிக்கூடத்து லாபில்தான் வரும். "இன்றைக்கு என்ன நோட்ஸ்?" என்று கேட்பதற்குப் பதில், "இந்த வாரம் லாபில் என்ன செய்தாய்? உன் கையால் செய்தாயா, பக்கத்தில் நின்று பார்த்தாயா?" என்று கேளுங்கள். "பார்த்தேன்" என்று பதில் வந்தால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் விசாரிக்க வேண்டிய விஷயம் அது.

காசில்லாமல் கிடைக்கிற உதவியும் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் பாடப் புத்தகங்கள் முழுவதையும் இணையத்திலிருந்து இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். பாடத்தின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் கட்டத்தைக் கைபேசியால் படம் பிடித்தால் விளக்கப் படம் ஓடுகிறது. 2019 ஆகஸ்டில் ஆரம்பித்த கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் வருகின்றன. சீரியல் நேரத்தில் அரைமணி விட்டுக் கொடுத்தால் குடும்பம் முழுகிவிடாது! 2021-இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டத்தில், தெருவில் படித்த பெண்களே மாலை வேளையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடம் சொன்னார்கள். அது எட்டாம் வகுப்போடு நின்றது. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் அதே யோசனையைத் தெருவே எடுத்து நடத்தினால் யார் தடுக்கப் போகிறார்கள்? நாகர்கோவிலில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி இருக்கிறது. தெற்குத் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி இருக்கிறது. ஹோலி கிராஸ் பெண்கள் கல்லூரி இருக்கிறது. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற பெண் இல்லாத தெரு இந்த ஊரில் உண்டா? வாரத்தில் இரண்டு நாள், ஒரு வீட்டுத் திண்ணையிலோ ஊர்ப் படிப்பகத்திலோ, ஆறேழு பிள்ளைகள். அந்தப் பெண்ணுக்கு நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஏதோ கைக்குக் கொடுக்கலாம், மரியாதையும் கொடுக்கலாம்.

இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டியூஷன் என்று வரும்போது பல வீடுகளில் ஒரு கணக்கு நடக்கிறது, வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் கட்டப் பணம் இல்லை. ஆகையால் பையனை அனுப்புவோம். "பெண்ணை இருட்டின பிறகு எப்படித் தனியாக விடுவது? பஸ் வேறு கூட்டம்" என்கிறார்கள். பயம் நியாயமானதாகவே இருக்கலாம். அதன் விலையைக் கொடுப்பது மட்டும் எப்போதும் பெண்தான். அடுத்த வருஷம் பாடப் பிரிவு எடுக்கும்போது, "உனக்கு கெமிஸ்ட்ரி வராது, வேறு எடுத்துக்கொள்" என்று அவளுக்கு அபிப்பிராயமும் சொல்லிவிடுகிறோம். அவளுக்கு வராது என்று எப்போது சோதித்தோம்?

கல்கத்தாவில் அசீமா சாட்டர்ஜி என்று ஒரு பெண்மணி இருந்தார். 1917-இல் பிறந்தவர். செடிகொடிகளில் உள்ள மருந்துச் சரக்குகளை ஆராயும் ரசாயனத்தில் ஈடுபட்டு, 1944-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று விஞ்ஞானத்தில் அந்தப் பட்டத்தை ஒரு பெண்ணுக்குக் கொடுத்தது அதுவே முதல் தடவை. அவர் வீட்டில் யாரோ ஒருவர், "உனக்கு வராது" என்று சொல்லாமல் இருந்திருக்க வேண்டும்.

தெருவிலேயே, நாலு வீடு தள்ளி, ஒரு திண்ணையில் உதவி கிடைக்குமானால் இருட்டும் பஸ்ஸும் காரணமாக நிற்காது. ஆகவே வாசகியரே, இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மாளோடு பேசிக்கொண்டிருக்கும்போது, உங்கள் தெருவில் கெமிஸ்ட்ரி படித்த பெண் யார் யார் என்று ஒரு கணக்கு எடுங்கள். ஒருத்தியாவது அகப்படுவாள். அவளைக் கூப்பிட்டு ஒரு வாய் காப்பி கொடுத்து, விஷயத்தை மெதுவாக ஆரம்பியுங்கள். மகளை மட்டும் அல்ல, அடுத்த வீட்டுப் பெண்ணையும் சேர்த்து உட்கார வையுங்கள். முதல் பாடம் எது என்று யோசிக்க வேண்டியதில்லை. அடுப்பு ஜ்வாலை நீலமா மஞ்சளா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.